வளர்கிறதா என்று கேட்டீர்கள்

அத்தை,

இன்று காலை ஸ்கேன் சென்டரைத் திறந்து கணினியைப் போட்டதும் உங்கள் பெயர் வந்தது. வருடாவருடம் மார்பு ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களின் பட்டியலை மாதம் பிறந்தவுடன் அதுவே எடுத்துக் காட்டும். எட்டுப் பெயர்களில் நான்காவது நீங்கள். வயது அறுபத்தாறு என்று போட்டிருந்தது. அதற்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு இன்னொரு வயதைக் கூட்டி வைத்திருந்தது. பெயரை எடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டது. ‘இறந்துவிட்டார்’ என்பதை அழுத்தினேன். அடுத்து, ‘நுரையீரல் நோயாலா?’ என்று கேட்டது. ‘இல்லை’ என்பதை அழுத்தும்போது, வருத்தத்துக்கு நடுவிலும் எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த ‘இல்லை’யைப் பெற நாம் இரண்டு பேரும் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும்.

நீளமாக எழுதினால் உங்களுக்குப் பொறுக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் நீங்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடத் தேதியையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பீர்கள். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருமகளாக வந்த புதிதில் என் வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை. யாராவது கேட்டால், “போட்டா புடிக்கிற வேல” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவீர்கள். முன்பின் தெரியாத ஆண்களைப் படுக்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, பெல்ட் மாட்டுகிற வேலை ஒரு வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு என்று உங்கள் மகனிடம் கேட்டதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஓட்டிய பள்ளிக்கூட பஸ் ஒரு வருடம் நின்றுபோனபோது, காலையில் எனக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பியதும் நீங்கள்தான். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நீங்களும் சும்மா இருந்தவர் இல்லை. பஜாரில் மல்லாட்டை மண்டியில் முப்பது வருடம் வேலை. கொட்டிய வேர்க்கடலைக் குவியலைச் சலிப்பது, கல்லும் சொத்தையும் பொறுக்குவது, நிரம்பிய மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைப்பது. உங்கள் கூட வல்லத்திலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்கள் ஐந்தாறு பேர். அவர்கள் எல்லோருக்கும் நீங்கள் ‘அக்கா’.

அந்த மண்டியின் சிமென்ட் தரையில்தான் விழுந்தீர்கள். சிதறிக் கிடந்த பருப்பின் மேல் கால் வைத்து வழுக்கி, தராசு மேடையின் விளிம்பில் விலா அடிபட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். மூன்றாம் நாள் தும்மியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்துவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத் தெரியவில்லை என்று டாக்டர் சி.டி. எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் நீங்கள் என் மேஜையில் வந்து படுத்தீர்கள்.

அன்று நடந்ததை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. மூச்சை முழுதாக இழுத்து, பத்து எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். நீங்கள் பாதி இழுத்தீர்கள், வலி பிடுங்கியது, விட்டுவிட்டீர்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை உங்கள் கண் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. மாமனார் செத்த வீட்டில்கூட நீங்கள் பிறர் முன் அழுததில்லை என்று சொல்வார்கள். எனக்குத் தாங்கவில்லை. “போதும் அத்தை, வர்ற வரைக்கும் புடிங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினேன். விலா எலும்பைப் பார்க்க அந்தப் பாதி மூச்சு போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

விலா இரண்டு இடத்தில் கீறல் விட்டிருந்தது. அது தானாகக் கூடிவிடும். ஆனால் வலது நுரையீரலின் கீழ்ப் பக்கத்தில் வெள்ளையாக, உருண்டையாக, கொண்டைக்கடலை அளவில் ஒரு முடிச்சு இருந்தது. மறுநாள் வந்த அறிக்கையில் இன்னொன்றையும் குறித்திருந்தார்கள். இடது நுரையீரலின் மேல் பக்கத்தில், மிளகு அளவில். அதை நான் கவனிக்கவே இல்லை. கொண்டைக்கடலையைப் பார்த்த கண் வேறெங்கும் போகவில்லை.

உங்கள் மகனிடம் சொன்னேன். அவர் அறிக்கையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்றார். வல்லத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். கொல்லையில் நின்று இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கடலை அளவில் இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட வேண்டும், சென்னைக்குக் கூட்டிப் போகலாம், விலா எலும்புக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிடலாம் என்பது அந்த வல்லத்து மாமாவின் யோசனை. நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்கும் அதுதான் தோன்றியது. தினமும் இருபது பேருடைய நெஞ்சைப் பார்க்கிறவள் என்றுதான் பேர். என் வீட்டு ஆள் என்றதும் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

மூன்று நாள் தாங்கியது அந்த ரகசியம். நான்காம் நாள் சாயங்காலம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் விலாவைப் பிடித்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள்.

“மூணு நாளா என் மூஞ்சியப் பாக்காம சோறு போடுற. என் படத்துல இன்னா பாத்த?”

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. “ரெண்டு முடிச்சு இருக்குது அத்தை. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது” என்றேன்.

எவ்வளவு பெரியது, எங்கே என்று கேட்டீர்கள். விரலால் உங்கள் முதுகில் தொட்டுக் காட்டினேன். நீங்கள் கேட்ட அடுத்த கேள்வியை எந்த டாக்டரும் மெச்சுவார்.

“வளருதா?”

தெரியவில்லை என்றேன். ஒரு படத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு படம் எடுத்தால்தான் தெரியும் என்றேன். அப்படியானால் தெரிந்துகொண்டு அழலாம் என்று சொல்லிவிட்டு, நான் துலக்கிய தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தீர்கள்.

பாண்டியில் நெஞ்சு நோய்க்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் நான்கு பேரும் போனோம். மாமா முதலிலேயே ஆபரேஷன் தேதியைக் கேட்டார். டாக்டரம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் உங்கள் மகனைப் பார்த்து என்ன வேலை என்று விசாரித்தார். பஸ் டிரைவர் என்றதும், ரோட்டில் போகிற பஸ்ஸை ஒரு போட்டோ எடுத்தால் அது நிற்கிறதா ஓடுகிறதா என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு முடியாது என்றார். ஒரு நிமிடம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுத்தால்? ஓடுகிறதா என்பதோடு என்ன வேகம் என்றுகூடச் சொல்லலாம் என்றார். இதுவும் அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா.

நம் பக்கத்தில் பழைய டிபி ஆறிய தழும்பு நிறையப் பேர் நெஞ்சில் முடிச்சாகக் கிடக்கிறது, அது சாகும்வரை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார். சில வாரத்தில் இரண்டு மடங்காகிற முடிச்சு பெரும்பாலும் சளி, சீழ் சம்பந்தப்பட்டது. வருடக்கணக்கில் அப்படியே இருப்பது தழும்பு. இரண்டுக்கும் நடுவில், விடாமல் ஒரே சீராக வளர்கிறதே, அதற்குத்தான் பயப்பட வேண்டும். மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைக் கொடுத்தால், அவருடைய கணினி முடிச்சை உருண்டையாக வரைந்து அளந்து, இரண்டு மடங்காக எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். ஆனால் இரண்டு படமும் ஒரே மாதிரி எடுத்திருக்க வேண்டும், மூச்சு உட்பட. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் குறித்துக்கொள்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் சும்மா இருப்பதா என்று மாமா குதித்தார். நீங்கள் எழுந்து நின்று, பார்க்கலாம் என்று சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. விலா ஆறியதும் நீங்கள் மூச்சுப் பிடிக்கப் பழக ஆரம்பித்தீர்கள். பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், டிவி பார்க்கும்போது, திடீரென்று கன்னம் உப்பக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். மண்டியில் இது பரவிவிட்டது. மூட்டை தைத்துக்கொண்டே அத்தனை பெண்களும் மூச்சுப் பிடித்துப் போட்டி வைத்தார்கள் என்றும், மண்டி முதலாளி உள்ளே வந்தபோது ஒருத்தியும் வாய் திறக்காததால் என்னவோ சண்டை என்று பயந்துபோனார் என்றும் நீங்கள் சொல்லிச் சிரித்தபோது, உங்கள் மகனும் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். நோய் வந்த வீடு மாதிரியே இல்லை நம் வீடு. ஆனால் அவர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார். நான் மட்டும் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

இரண்டாவது படம் எடுத்த நாளில் பாறை மாதிரி அசையாமல் கிடந்தீர்கள். கடலை அப்படியே இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. சென்டர் வாசலில் நின்ற உங்கள் மகனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நேரே கடைக்குப் போய் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். மாமா போனில் அழுதார். சாயங்காலம் நான் மறுபடி போய்ப் படத்தைத் திறந்தேன். அப்போதுதான் மிளகின் ஞாபகம் வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பெரிதாகியிருந்ததா, என் கண் அப்படிப் பார்த்ததா, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. படம் பார்த்து எழுதிய அறிக்கையும் ‘பெரிய மாற்றம் இல்லை’ என்றுதான் சொன்னது.

பாண்டியில் டாக்டரம்மாவின் கணினி அப்படிச் சொல்லவில்லை. குறுக்களவில் கண்ணுக்குப் பிடிபடாத அளவு கூடினாலே ஓர் உருண்டையின் பருமன் நிறையக் கூடிவிடும் என்று அவர் நமக்குத் திரையில் காட்டினார். கடலை நின்ற இடத்தில் நின்றது. மிளகின் பருமன் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. யாரும் சட்டை பண்ணாத சின்னது.

பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். முதல் படம் எடுத்தபோது முழு மூச்சு பிடித்தார்களா?

அறையில் நான்கு பேர் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்காகவே பார்க்காமல் இருந்தீர்கள் என்று பிறகு புரிந்தது. இல்லை, பாதி மூச்சுதான், வலியில் துடித்தார்கள், நான் விட்டுவிட்டேன் என்றேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அப்படியென்றால் இந்தக் கணக்கை நம்பி நெஞ்சைத் திறக்க முடியாது என்றார். நுரையீரல் பாதி சுருங்கியிருக்கும்போது எடுத்த அளவு முன்பின் இருக்கும். வளர்ந்ததா, மூச்சு செய்த கோளாறா என்று பிரிக்க முடியாது. இன்னும் மூன்று மாதம் கழித்து மூன்றாவது படம், இரண்டாவது போலவே முழு மூச்சில். ஒரு தாளில் இரண்டு எண்கள் எழுதினார். மூச்சுக் கோளாறுதான் என்றால் அடுத்த படத்தில் மிளகின் பருமன் முதல் எண்ணில் நிற்கும். உண்மையிலேயே வளர்கிறது என்றால் இரண்டாவது எண்ணுக்கு வந்திருக்கும். அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திண்டிவனம் தாண்டியது. பிறகு, என்னால்தான் இன்னும் மூன்று மாதம் என்று சொன்னேன். நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“நோவுதுன்னு பாத்து வுட்டுட்ட. நானா இருந்தாலும் வுட்டுருப்பன்” என்றீர்கள். கொஞ்ச தூரம் போன பிறகு, “இனிமே யாருக்கும் வுடாத” என்றீர்கள்.

உங்கள் மகன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். படித்தவள், சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டு ஆளுக்கு ஒழுங்காக ஒரு படம் எடுக்கத் துப்பில்லை என்றார். அத்தனையும் உண்மை. ஐந்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆறாம் நாள் காலையில் அவருக்கு இட்லி வைத்துக்கொண்டே நீங்கள் பேசினீர்கள்.

“படம் எடுத்தது அவ. வராதது என் மூச்சு. நீ கோவப்படறதுன்னா என்கிட்ட கோவப்படுடா.”

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, சாவியை எடுக்கும்போது, சாயங்காலம் சீக்கிரம் வருவாயா என்று என்னிடம் கேட்டார். அவ்வளவுதான் சமாதானம். நம் வீட்டில் அதற்கு மேல் கிடையாது.

இரண்டாவது மூன்று மாதத்தில் சிரிப்பு குறைவு. அந்தத் தாளை நான் என் கைப்பையில் வைத்திருந்தேன். எண்களை மனப்பாடமாகத் தெரிந்தும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். மாமா வாரம் ஒரு முறை வந்து, பெரிதை எடுத்துவிடுங்கள், பெரிதை வைத்துக்கொண்டு சின்னதைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்களே என்று தலையில் அடித்துக்கொள்வார். எனக்குக்கூடச் சில நாள் அப்படித் தோன்றும். நீங்கள் மட்டும் மண்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தீர்கள். பயம் இல்லையா என்று ஒரு நாள் கேட்டேன். இருக்கிறது, ஆனால் பயப்படுவதற்கும் ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்களே, அன்றைக்குப் பயப்பட்டுக்கொள்கிறேன் என்றீர்கள்.

மூன்றாவது படத்தின்போது உங்களைவிட நான்தான் பயந்தேன். மாட்டிய பெல்ட்டை அவிழ்த்து மறுபடி மாட்டினேன். நீங்கள் படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

“என்னய அத்தைன்னு நெனைக்காத. மண்டிக்கு வந்த மூட்டைன்னு நெனச்சிக்க. மூட்டைக்கு நோவாது.”

நான் மூட்டையை எடை போடுகிற மாதிரியே வேலை பார்த்தேன். மேஜையின் உயரம், கைகளின் நிலை, ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன், எல்லாம் முந்தைய படத்தில் இருந்த மாதிரி. மூச்சை இழுக்கச் சொல்லி, நெஞ்சு ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்த பிறகே அழுத்தினேன்.

பாண்டியில் கணினி அளந்து முடித்தபோது டாக்டரம்மா என்னிடம் தாளைக் கேட்டார். பிரித்து மேஜையில் வைத்தேன். இரண்டாவது எண். ஒரு புள்ளி முன்பின் இல்லாமல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம். முதல் எண் எங்கோ தூரத்தில் கிடந்தது. மிளகு வளர்கிறது, ஒரே சீராக, அவர் சொன்ன வேகத்தில்.

எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அதோடு கூட இன்னொன்றும் வந்தது. ஆறு மாதமாக என் காலுக்குக் கீழே அசைந்துகொண்டிருந்த தரை நின்றது. எது நமக்கு எதிரி, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரிந்துவிட்டது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. எந்தப் பக்கம் ஓட்டை போடுவீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்தினம் மாமா கடைசியாக ஒரு முறை முயன்றார். கையோடு கை பெரியதையும் எடுத்துவிடச் சொல்லலாமே என்றார். அது பாட்டுக்கு இருக்கிறது, அதை எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். இடது பக்கம் மூன்று சின்னத் துளைகள். மேல் பகுதியில் ஒரு துண்டு எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்த முடிவு வர எட்டு நாள். புற்றுநோய்தான். ஆனால் முளையிலேயே, எங்கும் பரவவில்லை. மருந்து வேண்டாம், கதிர்வீச்சுக் கரண்டு வைக்க வேண்டாம், வருடாவருடம் படம் மட்டும் எடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாம் அன்று பயந்துபோய்க் கடலையை அறுத்து எடுத்திருந்தால், தழும்பை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். மிளகு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். இரண்டாவது மாதமே மண்டிக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தீர்கள். மூட்டை தூக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு விட்டோம். அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை சிங்கவரம் மலைப் படியை நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினீர்கள். மேலே போய்ப் பெருமாளைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டீர்கள். அடுத்த வருடம் மூன்று இடம். என் மகள், உங்கள் பேத்தி, வயதுக்கு வந்த விசேஷத்துக்கு நீங்கள் தைத்த பாவாடை இன்னும் பீரோவில் இருக்கிறது. வருடம் தவறாமல் என் மேஜையில் வந்து படுத்து, பெல்ட் மாட்டும் முன்பே கையைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். எழுந்ததும், “கடல எப்டி இருக்குது?” என்று ஊரில் இருக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோலக் கேட்பீர்கள். சௌக்கியமாக இருக்கிறது என்பேன். கடைசிவரை அது சௌக்கியமாகவே இருந்தது.

போன மாசியில், மண்டியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கையில் ஊசி கோத்தபடி இருந்தது என்று உங்கள் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். உங்கள் நெஞ்சை ஏழு வருடம் அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் நான். அதே நெஞ்சுக்குள் இது வருவதை நான் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் அது என்னை அரித்தது. நாம் தேடியது ஒன்று, வந்தது ஒன்று. தேடியதையாவது சரியாகத் தேடினோம் என்று இப்போது தேறியிருக்கிறேன்.

காரியத்தன்று வல்லத்து மாமா, துக்கத்தில்தான், ஒரு வார்த்தை சொன்னார். அத்தனை தடவை மெஷினில் போட்டு எடுத்து என்ன பிரயோஜனம் என்றார். பந்தலில் எல்லோருக்கும் கேட்டது. உங்கள் மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

“ஏழு வருசம் எங்ககூட இருந்துச்சி மாமா” என்றார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனார்.

இப்போது சென்டரில் புது மெஷின் வந்திருக்கிறது. முடிச்சைத் தானே கண்டுபிடித்து வட்டம் போடுகிறது. பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைத்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இனி எப்படிப் போகும் என்று கோடு வரைந்து காட்டுகிறது. டாக்டர்கள் அதை நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அது வரைகிற கோடு, மேஜையில் படுத்திருக்கிற ஆளின் மூச்சில் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிற்பது மெஷின் இல்லை, நான்.

போன வாரம் கல் குவாரியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் இருமல் வந்தது. கூட வந்த அண்ணன் கதவருகில் நின்று, எது தெரிந்தாலும் அவனிடம் சொல்லாதீர்கள் என்று எனக்குக் கண் காட்டினார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். சென்டர் முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான் குவாரிக்காரரை எழுப்பி உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து, இருமல் அடங்கும்வரை பக்கத்தில் நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. மறுபடி படுக்கவைத்தபோது முழு மூச்சு வந்தது, பத்து எண்ணும்வரை நின்றது.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டே அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், படத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. அண்ணன் அவசரமாக உள்ளே வந்தார். எனக்குப் படம் எடுக்கத்தான் உரிமை, அத்தை, சேதி சொல்ல இல்லை. ஆனாலும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணனைப் பார்க்காமல் அவரையே பார்த்துச் சொன்னேன்.

“படம் நல்லா வந்துருக்குதுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களே போய்க் கேளுங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க.”